திரும்பிச் செல்வது இழுக்கா?



2010-ம் ஆண்டு மே 22-ந் தேதி, துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் குன்றின்மேல் உள்ள ஓடுபாதையில் இறங்க முயன்றது. உயரமும் வேகமும் அளவுக்கு மீறியிருந்தன. இறக்க வேண்டாம், மேலெழும்பிச் சுற்றி வருவோம் என்று துணை விமானி மும்முறை எச்சரித்தார். தலைமை விமானி செவிசாய்க்கவில்லை. பாதையில் பாதிக்கு மேல் கடந்த பின்னரே சக்கரங்கள் தரை தொட்டன. விமானம் பள்ளத்தில் வீழ்ந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். எச்சரிக்கையை மதியாமல் இறக்கியதே நேர்க் காரணம் என்று விசாரணை மன்றம் கூறிற்று.

கீழ்ப்படிதல் புண்ணியந்தான். ஆனால் மேலாளுக்கு அதிகாரம் தரப்பட்டது, தன்னை நம்பி வந்த உயிர்களைக் காப்பதற்கே, பலியிட அல்ல.

நம் பட்டாசு ஆலைகளிலும் ஓர் அறைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து என்று வரம்பு உண்டு. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது, "அண்ணாச்சி, இது அதிகம்" என்று ஒரு பெண் சொன்னால், போர்மேன் என்ன செய்வார்? அவள் சொல்வது கடமை. வேலையை நிறுத்துவது அவர் கடமை. நிறுத்தியதால் சரக்கு தாமதமாகலாம்; மானம் போகாது. தடுத்துச் சொன்ன குற்றத்துக்காக அவள் மறுநாள் கூலியை இழந்தால், பிறகு எவர் வாய் திறப்பார்?