நாமா, நாங்களா?

நம் மொழியில் ஓர் அழகான நுணுக்கம் உண்டு. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி; 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. ஒலிம்பிக் பந்தயம் வரும்போதெல்லாம் இந்தச் சொற்கள் என்னைத் தொந்தரவு செய்கின்றன. நம் நாட்டவர் ஒருவர் வென்றால், "நாம் ஜெயித்துவிட்டோம்!" என்கிறோம். தோற்றாலோ, "கோட்டை விட்டுவிட்டான்" என்கிறோம். வெற்றிக்குப் பன்மை, தோல்விக்கு ஒருமை. இது என்ன நியாயம்?

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், 1948-ல், நம் ஹாக்கிக் குழு லண்டனிலேயே பிரிட்டனை 4-0 என்று வென்றது. அந்தக் களிப்பை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் 1952-ல் ஹெல்சிங்கிக்குப் புறப்பட்ட மல்யுத்த வீரர் கே. டி. ஜாதவுக்கு வழிச்செலவுக்கே பணமில்லை. அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தம் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார். 'நாம் வென்றோம்' என்று சொல்லும் பாத்தியதை அந்த முதல்வருக்கு இருந்தது. மற்றவர்களுக்கு? அடுத்த தனிநபர் பதக்கம், லியாண்டர் பயஸ் மூலம், 44 வருஷங்கள் கழித்து 1996-ல்தான் வந்தது.

இடைப்பட்ட காலத்தில், 1960-ல் ரோமில் மில்கா சிங் நான்காவதாக வந்தார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி. டி. உஷா ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கத்தை இழந்தார். இமைப்பதற்கும் போதாத அந்த நேரத்தின் பாரத்தை அவர் ஒருவர்தான் சுமக்க வேண்டுமா?

கைதட்டுவதற்கு ரசீது காட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம்தான். ஆனால் 'நாம்' என்ற சொல்லுக்கு ஒரு விலை உண்டு. அதை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் அறிவார்கள். அங்கே ஒரு பாகம் பழுதென்று திரும்பி வந்தால், அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் சாலையில் ஒரு புதுக் கார் போகும்போது, "இது நாங்கள் செய்தது" என்று அவர்கள் தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறது.

அவர்களில் ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். பள்ளி நாட்களில் மாவட்ட அளவில் ஓடிப் பரிசு வாங்கியவர். இன்று இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அறைக்குத் திரும்புகிறார். "ஓட்டம் என்ன ஆயிற்று, தம்பி?" என்று கேட்டேன். "வீட்டுக்குப் பணம் அனுப்பணும் சார்" என்றார். அதில் குறைபாடும் இல்லை, புலம்பலும் இல்லை.

எந்தப் பந்தயத்திலும் அவர் தோற்கவில்லை. ஓடவே இல்லை. நம் பதக்கக் கணக்கில் இப்படிப்பட்டவர்களுக்கு இடமே கிடையாது. ஆனாலும் நம் தோல்விகளில் பெரிய தோல்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொல்லும்போதாவது 'அவன்' என்று ஒதுங்காமல், 'நாம்' என்று சொல்லிப் பழகுவோம்.