ரிஸ்க் யாருடையது?

கையால் செய்த பொருளுக்கு நாம் ஏன் அதிக விலை கொடுக்கிறோம்? இயந்திரம் அதைவிடத் துல்லியமாகச் செய்துவிடும் என்று தெரிந்தும் ஏன்?

ஒரு பொறியியலாளன் இதைக் கேட்டால் கிண்டல் மாதிரிதான் தெரியும். நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஒரே பொருளை அளவு பிசகாமல் ஆயிரக்கணக்கில் செய்யவைப்பதுதான் என் வேலை. மனிதக் கை நுழையும் இடத்தில் பிழையும் நுழையும் என்பது எங்களுக்கு அரிச்சுவடிப் பாடம்.

வழக்கமாகக் கிடைக்கும் பதில், 'குறைதான் அழகு' என்பது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் ரஸ்கின் 'வெனிஸின் கற்கள்' நூலில் இதை ஓர் அற வாதமாகவே வைத்தார். கல்லில் தெரியும் பிசகு, அதைச் செதுக்கியவனுக்குக் கொஞ்சமாவது சுதந்திரம் இருந்தது என்பதன் அடையாளம் என்பது அவர் கட்சி. அந்தக் காலத்துக்கு அது பெரிய வாதம். இன்றைக்குப் போதாது. பேரங்காடியில் விற்கும் பீங்கான் கோப்பையின் நெளிவுகூட அச்சில் வார்த்ததுதான். பிசகையும் இயந்திரத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எனக்குக் கொஞ்சம் உருப்படியான பதிலைத் தந்தவர் டேவிட் பை. மரவேலை தெரிந்தவர், வடிவமைப்புப் பேராசிரியர். 1968இல் வெளிவந்த தன் நூலில் அவர் 'கைவேலை', 'இயந்திரவேலை' என்ற பிரிவையே ஒதுக்கிவிடுகிறார். அவருடைய பிரிவு வேறு: ரிஸ்க் உள்ள வேலை, நிச்சயமான வேலை. முதலாவதில், வேலை முடியும்வரை பொருள் எந்த நொடியிலும் கெட்டுப்போகலாம். செய்பவரின் கவனமும் கைத்திறனும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. இரண்டாவதில், வேலை தொடங்கும் முன்பே முடிவு தீர்மானமாகிவிடுகிறது. பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சடிப்பது இரண்டாவது.

இதைக் கண்ணால் பார்க்க நல்ல இடம் ஃபுளோரன்ஸ் நகரின் கைவினைக் கண்காட்சி. 1931இல் தொடங்கியது. இப்போது ஏப்ரல் இறுதியையொட்டி, ஃபோர்தெஸ்ஸா தா பாஸ்ஸோ என்ற 16ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குள் நடக்கிறது. மெதிச்சி குடும்பம் ஊர்மக்களை அடக்கிவைக்கக் கட்டிய கோட்டை அது. இன்று உள்ளே போனால் தோல், கண்ணாடி, பீங்கான், நகை என்று வரிசையாகக் கடைகள்.

நான் போனபோது அதிக நேரம் நின்றது காகிதத்துக்கு வண்ணம் ஏற்றும் ஒருவரின் மேசை முன்னால். தட்டு நிறையப் பாசியிலிருந்து எடுத்த பசைநீர். அதன்மேல் மாட்டுப் பித்தநீர் கலந்த வண்ணங்களைச் சொட்டுகிறார். அவை கரையாமல் மிதக்கின்றன. சீப்பு மாதிரி ஒரு கருவியால் இழுத்தால் மயிலிறகுக் கோலம் வருகிறது. அதன்மேல் தாளை ஓர் ஓரத்திலிருந்து மெல்ல இறக்க வேண்டும். இடையில் காற்றுக்குமிழி சிக்கினால் அந்த இடம் வெள்ளையாக நின்றுவிடும். 'அன்டூ' கிடையாது. என் கண்ணெதிரிலேயே ஒரு தாள் போனது. அவர் அதைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அந்தக் கசக்கல்தான் என்னை யோசிக்கவைத்தது. அவருடைய வேலையில் ரிஸ்க் முழுக்கத் தாளின் மேல் இருந்தது. போனால் ஒரு தாள் போகும். அதைத் தூக்கிப்போடும் உரிமை அவருக்கு இருந்தது.

பொறியியலில் ரிஸ்க் சும்மா மாயமாகிவிடாது. பெரும்பாலும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிவிடுகிறோம். அப்படியானால் நிச்சயமான பொருள் நம் கைக்கு வரும்போது, அதன் ரிஸ்க் எங்கே போயிருக்கும்?

ஃபுளோரன்ஸிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் பிராத்தோ இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகத் துணிக்குப் பேர்போன ஊர். 1990களிலிருந்து சீனாவின் வென்சோ பகுதியிலிருந்து வந்தவர்கள் அங்கே நூற்றுக்கணக்கில் தையல் பட்டறைகளைத் தொடங்கினார்கள். 2013 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை, அப்படியொரு பட்டறையில் தீப்பிடித்தது. 7 சீனத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வேலை செய்த அதே கட்டடத்துக்குள்தான் அவர்கள் தூங்கவும் செய்தார்கள்.

அந்த ஊரில் தைக்கும் சட்டையிலும் 'இத்தாலியில் தயாரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தலாம். பொய்யில்லை. ஒரு பொருள் கடைசியாகக் கணிசமான மாற்றம் அடைந்த நாடே அதன் பிறப்பிடம் என்பதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி. தைத்ததும் மனிதக் கைதான். ஆனால் அந்தக் கைக்குக் கோணலாய்ப் போன துணியைக் கசக்கிப் போடும் உரிமை இருந்திருக்குமா? பொருளின் மேல் இருக்க வேண்டிய ரிஸ்க் அங்கே உடம்பின் மேல் ஏறிவிட்டது.

'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது' என்று சொல்ல வரவில்லை. 1291இல் வெனிஸ் குடியரசு கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. நகரம் தீப்பற்றிவிடுமோ என்ற பயம் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நகரத்தின் ரிஸ்க் ஒரு சின்னத் தீவுக்குப் போனது. பிறகு, தொழில் ரகசியம் வெளியேறாதிருக்கக் கண்ணாடிக் கலைஞர்கள் நாட்டைவிட்டுப் போகவும் தடை வந்தது. நாம் வாய்பிளந்து பார்க்கும் முரானோ கண்ணாடியின் வரலாற்றில் இதுவும் உண்டு.

இங்கே ஒரு மறுப்பு வரும். மாதச் சம்பளக்காரன் எல்லாவற்றையும் கைவினைக் கலைஞரிடம் வாங்க முடியுமா? முடியாது. என்னாலும் முடியாது. நிச்சயமான வேலை இல்லையென்றால் மலிவான மருந்தும் இல்லை, பாதுகாப்பான விமானமும் இல்லை. இயந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சோம்பேறித்தனம். நன்றாக நடத்தப்படும் தொழிற்சாலையில் ரிஸ்க்கைப் பாதுகாப்பு விதியும், ஓய்வும், காப்புறுதியும், சரியான வடிவமைப்பும் தாங்கிக்கொள்கின்றன. அதற்குச் செலவாகும். மலிவு என்று நாம் கொண்டாடும் பல பொருள்களில் அந்தச் செலவைத்தான் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, கைவினைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு 'ஆஹா, என்ன அழகு' என்பதோடு திரும்பினால் அது வெறும் ரசனைதான். ரசனை தப்பில்லை. அதை அறம் என்று நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். கண்காட்சியில் செய்பவர் எதிரிலேயே இருக்கிறார். 'எத்தனை கெட்டுப்போகும்? கெட்டால் யாருக்கு நஷ்டம்?' என்று நேராகக் கேட்டுவிடலாம். முகம் தெரியாதவர்கள் செய்த சட்டையிடமும் கைத்தொலைபேசியிடமும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். பதில் கிடைப்பது கடினம். கேட்பவர்கள் கூடும்போதுதான் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் யாருக்காவது வரும்.