சாவி யாரிடம் இருந்தது?

பாதி கட்டிய வீட்டில் வயரிங் வேலை எடுத்த எலெக்ட்ரீஷியன் டிரில்லிங் மெஷினையும் கட்டிங் மெஷினையும் ஓர் அறையில் வைத்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார். காலையில் வந்து பார்த்தால் அறை காலி. திருடன் அகப்பட்டால் பிரச்சினை இல்லை. விவிலியத்தின் யாத்திராகமச் சட்டம் அவனிடம் இரட்டிப்பாகவே வசூலிக்கச் சொல்கிறது. அவன் அகப்படாதபோதுதான் கேள்வி எழுகிறது. வேலைக்கு வந்தவர் தலையிலா, வேலை கொடுத்தவர் தலையிலா, நட்டம் யாருடையது? இது வெறும் கணக்கு வழக்கு என்று தோன்றலாம். ஆனால் ஒரு மனிதன் இன்னொருவன் பொருளுக்கு எந்தக் கணத்தில் பொறுப்பாளியாகிறான் என்பது அறத்தின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. அதை மிக நுணுக்கமாக ஆராய்ந்த மரபுகளில் யூதர்களின் தல்மூத் முன் வரிசையில் நிற்கிறது.

தல்மூத்தின் அடிப்படை நூலான, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ஒரு குயவர் வருகிறார். தன் பானைகளை இன்னொருவர் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து வைக்கிறார். அந்த வீட்டு மாடு அவற்றை உடைத்துவிடுகிறது. கேட்காமல் வைத்திருந்தால் வீட்டுக்காரர் மேல் குற்றமில்லை. கேட்டு வைத்திருந்தால் அவரே பொறுப்பு என்பது முதல் கருத்து. தொகுப்பாளரான யெகூதா ஹநாசி இதை ஏற்கவில்லை. காப்பதாக ஒப்புக்கொள்ளாதவரை, இடம் கொடுத்தவர் எதற்கும் பொறுப்பில்லை என்றார் அவர். அடுத்த தலைமுறையில் பாபிலோனிய அறிஞர் ராவ் முதல் கருத்தின் பக்கமும், சாமுவேல் யெகூதாவின் பக்கமும் நின்றார்கள். பண வழக்குகளில் சாமுவேலின் சொல்லே நிற்கும் என்பது அம்மரபின் பொதுவிதி. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1946இல் இதே திசையில்தான் போனது. ஒத்திகைக்கு வந்த நடிகரின் மேலங்கியும் சால்வைகளும் நாடக அரங்கின் ஒப்பனை அறையிலிருந்து திருடுபோன வழக்கு அது. வேலை கொடுத்தவருக்கு அவற்றைத் திருட்டிலிருந்து காக்கும் கடமை இல்லை என்று தீர்ப்பானது.

யெகூதாவின் கொள்கை சரியானதே என்பது என் எண்ணம். வாசலைத் திறந்துவிட்ட குற்றத்துக்காக ஒருவரைக் காவலாளி ஆக்கினால் யாரும் வாசலைத் திறக்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கொள்கையை வாய்ச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது பெரும்பிழை. ஒப்புக்கொள்வது என்றால் என்ன? காத்துக்கொடு என்று ஒருவர் கேட்க, என் முன்னால் வை என்று மற்றவர் சொன்னால், அவர் கூலியில்லாக் காவலர் ஆகிவிடுகிறார் என்கிறது மிஷ்னா. உன் முன்னாலேயே வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் அவர் எந்த வகைக் காவலரும் அல்ல என்கிறார் தல்மூத் அறிஞர் ராவ் ஹூனா. காப்பேன் என்ற உறுதிமொழி இரண்டு பதிலிலும் இல்லை. பொருள் யார் கண்ணின் கீழ் இருக்கப்போகிறது என்பதே இரண்டையும் பிரிக்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு நகை வழக்கில் இதையே தேடியது; 1938ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வந்த தீர்ப்பு. பழைய நகையை உருக்கிப் புதிது செய்யக் கொடுத்த ஒரு பெண்மணி, அரைகுறையாகச் செய்த நகையை மாலைதோறும் திரும்ப வாங்கி, பொற்கொல்லர் இடத்திலேயே இருந்த பெட்டியில் பூட்டிச் சாவியைத் தன்னோடு எடுத்துப் போனார். ஓர் இரவில் நகை களவுபோயிற்று. பொற்கொல்லர் பொறுப்பல்ல என்றது நீதிமன்றம். கூரை அவருடையதாக இருக்கலாம். பொருள் அவர் கைவசத்தில் இல்லை. இதே அளவுகோலை எலெக்ட்ரீஷியன் விஷயத்தில் திருப்பிப் பிடித்தால் விடை மாறிவிடுகிறது. கருவிகள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு அவரை அனுப்பிவைத்தவர், அவருடைய பொருளை அவரே காத்துக்கொள்ளும் வழியை அடைத்துவிட்டார். காப்பேன் என்று வாயால் சொல்லவில்லை, கையால் சொல்லிவிட்டார்.

அப்படியே இருந்தாலும் வீட்டுக்காரர் கூலி வாங்காத காவலர்தானே, கவனக்குறைவு இல்லாதபோது திருட்டுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கலாம். கூலி வாங்கிய காவலர்தான் திருட்டுக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் கூலி என்பது காசு மட்டும்தானா? தன்னிடம் வேலைக்கு வந்த பொருளின் விஷயத்தில் கைவினைஞர் எல்லாரும் கூலிக் காவலரே என்கிறது மிஷ்னா. காப்பதற்கென்று அவர்கள் தனியாக எதுவும் வாங்குவதில்லை. வேலைக்கூலி வரும்வரை பொருள் தம் கையில் இருப்பதே அவர்களுக்கு ஓர் ஆதாயம், அந்த ஆதாயமே கூலியாகிறது என்பது தல்மூத் தரும் விளக்கங்களில் ஒன்று. அந்த நியாயம் கைவினைஞருக்குச் செல்லுமானால் வீட்டுக்காரருக்கும் செல்லவேண்டும். கருவிகள் இரவில் அங்கேயே கிடந்தால் மறுநாள் வேலை நேரத்தில் தொடங்கும்; சுமந்துவரும் வண்டிச் செலவு கணக்கில் ஏறாது. ஆதாயம் அவருக்கும்தான்.

என் வாதத்துக்குக் கடுமையான தடை அதே மரபின் உள்ளிருந்தே வருகிறது. பொருளின் உடைமையாளர் காவலரிடமே வேலையில் இருக்கும்போது பொருள் ஒப்படைக்கப்பட்டால், காவலருக்கு விலக்கு உண்டு. யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்திலிருந்து எழும் விதி இது. எல்லாரையும்விட அதிகப் பொறுப்புள்ள இரவல்காரரைக்கூட இது விடுவித்துவிடுகிறது. ஊராருக்காக வேலையில் இருக்கும் ஆசிரியரிடமோ நாவிதரிடமோ அந்த நேரத்தில் இரவல் வாங்கியவருக்கும் இந்த விலக்கு உண்டு என்கிறார் தல்மூத் அறிஞர் ராவா. அப்படியானால் வேலையில் இருக்கும் எலெக்ட்ரீஷியனின் கருவியை வாங்கிவைத்த வீட்டுக்காரர் சட்டப்படி தப்பிவிடுவார் போலிருக்கிறது. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. ஆனால் விலக்கின் காரணம் என்ன? உடைமையாளர் பக்கத்திலேயே இருப்பதால் தன் பொருளைத் தானே பார்த்துக்கொள்வார் என்று, மத்தியகால ஸ்பெயினில் எழுந்த ‘செஃபெர் ஹஹினுக்’ விளக்கம் சொல்கிறது. அது நியாயம்தான். வீட்டுக்குப் போய்விட்ட ஒருவர் விஷயத்தில் அந்த நியாயம் எங்கே நிற்கிறது? ஒப்படைத்த கணத்தில் உடைமையாளர் வேலையில் இருந்தாலே போதும், இழப்பு நேரும்போது இருக்கத் தேவையில்லை என்று விதி மேலும் நீள்கிறது. நீள நீளத் தன் காரணத்தைவிட்டே அது விலகிப் போகிறது. தீர்ப்பு சொல்லும் நீதிபதி விதியைப் பின்பற்றலாம். தான் என்ன செய்யவேண்டும் என்று யோசிக்கும் வீட்டுக்காரருக்குக் காரணமே பெரிது.

உலகியல் தடைகளும் உண்டு. ஒப்பந்தக்காரர் தனித் தொழில் செய்பவர், நட்ட அபாயத்தையும் கூலியில் சேர்த்தே கேட்கிறார் என்பார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இது பொருந்தும். அவற்றுக்குக் காப்பீடும் இருக்கும். ஒற்றை ஆளாக வேலை செய்பவர் இன்னொருவர் பூட்டின் வலுவை எப்படி விலையில் ஏற்றுவார்? மாவரைக்கும் கல்லை அடகாக வாங்கக் கூடாது, அது ஒருவன் உயிரையே அடகு வாங்குவதாகும் என்று உபாகமம் தடுக்கிறது. தொழிற்கருவி மற்றப் பொருள்களைப் போன்றதல்ல என்பதை அந்தச் சட்டம் அறிந்திருந்தது. இல்லாத கருவியைக் காணோம் என்று பொய்க்கணக்குக் காட்டுவார்களே என்ற அச்சம் நியாயமானதுதான். மாலையில் என்னென்ன வைத்தார் என்று இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டால் அதற்கு இடமில்லை. பொறுப்பேற்க மனமில்லையென்றால் அதையும் முன்பே சொல்லிவிடலாம்; காவலர்கள் தம் பொறுப்பைக் குறைத்து நிபந்தனை போட்டுக்கொள்ள மிஷ்னா இடம் தருகிறது. அதைச் சொல்லும் கடமை வீட்டுக்காரருடையது, ஏனென்றால் அந்த இடத்துக்கு யார் யார் வந்துபோகிறார்கள், எத்தனை பேரிடம் மாற்றுச் சாவி இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். காலையில், களவு போனபிறகு சொல்வது நிபந்தனை ஆகாது.

யார் கைவசம் என்று பிரித்துச் சொல்லவே முடியாத வழக்குகளும் வரும். திறந்த மனையில் வைத்த கம்பி, பத்துப்பேர் புழங்கும் அலுவலகத்தில் விட்டுப்போன மடிக்கணினி. அங்கே தல்மூத்தில் வரும் சுமைகூலிகளின் வழக்கு எனக்கு வழிகாட்டுகிறது. கூலிகள் ஓர் அறிஞரின் மதுப்பீப்பாயை உடைத்துவிட்டார்கள். ஈடாக அவர்களுடைய மேலாடையைப் பிடுங்கிவைத்துக்கொண்டார் அவர். ஆடையைத் திருப்பிக் கொடு என்றார் ராவ். நாங்கள் ஏழைகள், நாளெல்லாம் உழைத்தோம், பசிக்கிறது என்று அவர்கள் முறையிட்டபோது, கூலியையும் கொடு என்றார். இதுதான் சட்டமா என்று இருமுறையும் கேட்டார் அந்த அறிஞர். ஆம் என்றே பதில் வந்தது. அங்கே உடைத்தவர்களே கூலிகள். அப்படியிருந்தும் வசதியுள்ளவர் தோளுக்கே நட்டம் போனது. நம் எலெக்ட்ரீஷியன் எதையும் உடைக்கவில்லை. அவருடைய மெஷினின் முழு விலையையும் தரமுடியாத வீட்டுக்காரர் பாதியையாவது தரலாம். புது மெஷின் வரும்வரை வேலை நின்ற நாள்களை எலெக்ட்ரீஷியன் கணக்கில் எழுதாமல் விடலாம். கருவியில்லாமல் நிற்பவரிடம் தாமதம் என்று சொல்லிக் கூலியில் பிடித்தம் செய்ய மட்டும் வீட்டுக்காரருக்கு எந்த நியாயமும் கிடையாது.