நந்தனும் வேதியரும் ஒரே குரலில்

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இன்று பெரும்பாலும் கச்சேரியின் பிற்பகுதியில் ஒன்றிரண்டு உருப்படிகளாகவோ, பலர் கூடி ஆடும் நாட்டிய நாடகமாகவோதான் கேட்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோனது கதாகாலட்சேபம். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் கையில் சிப்ளாக்கட்டையோடு தனியாளாய் நின்று, கதை சொல்லி, பாடி, எல்லாப் பாத்திரங்களாகவும் மாறினார்கள். அந்தத் தனியாள் வடிவத்தில்தான் இந்தக் கதைக்கு முழு வலு என்பது என் கருத்து.

காரணம் வேதியர். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனாரை அதட்டும் ஆண்டை கிடையாது. சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துவிட்டுப் போ என்று சொல்லும் வேதியர், பாரதியார் சேர்த்த பாத்திரம். 1942இல் வந்த 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தன், செருகளத்தூர் சாமா வேதியர். ஆளுக்கொரு முகம் இருப்பதால், ஒருவரைத் திட்டிவிட்டு, மற்றவருக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக வீடு திரும்பலாம். காலட்சேபத்தில் அது முடியாது. நிமிர்ந்து நின்று அதட்டிய அதே தொண்டை, பிறகு தணிந்து, மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ' என்று எட்ட நின்று கேட்கிறது. அந்தக் காலப் பாகவதர்களில் பெரும்பாலோர் அந்தணர்கள். சபையில் முன்வரிசையும் அப்படித்தான். அவர்களே நந்தனாகிக் கெஞ்ச வேண்டியிருந்தது சின்ன விஷயமல்ல.

கடைசியில் நந்தன் தீயில் இறங்கித்தானே கோயிலுக்குள் போகிறான், இதில் என்ன புரட்சி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், அந்த முடிவுக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் அது புராணத்திலிருந்தே வந்த முடிவு. ஒரே இரவில் வயல் விளைந்து நிற்க, வேதியர் தன் பண்ணையாளின் காலில் விழுகிறாரே, அது பாரதியார் எழுதியது. சிங்கப்பூரில் சாதி எங்கே, இந்தக் கதை இங்கே எதற்கு என்பது இன்னொரு கேள்வி. சாதியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், உழைக்கிறவன் முதலாளியிடம் விடுப்புக் கேட்கும் கதை இது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும், வாரத்தில் கிடைத்த அந்த ஒரு நாளில் ஊர்க்காரர்களைப் பார்க்கக் கூடும் தொழிலாளர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1949இலிருந்து இயங்கும் சிஃபாஸ் உட்பட, இங்கே கலை அமைப்புகளுக்கும் மேடைகளுக்கும் பஞ்சமில்லை. காலட்சேபத்துக்குப் பெரிய செலவும் இல்லை: ஒரு பாகவதர், ஒரு மிருதங்கம், ஒரு ஆர்மோனியம், பின்பாட்டுக்கு ஒருவர் போதும். அமைப்பாளர்களே, அடுத்த முறை நந்தனாரை மேடையேற்றும்போது தனியாள் காலட்சேபமாக வையுங்கள். சிராங்கூன் சாலைக்கு அருகில், ஞாயிறு மாலையில், நுழைவுச்சீட்டு இல்லாமல் வையுங்கள்.