விதையிடம் கேட்டவர்கள்

கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் யொகான்சன் பீன்ஸ் விதைகளை ஒவ்வொன்றாக நிறுத்துக்கொண்டிருந்தார். இளமையில் மருந்துக்கடையில் தொழில் பழகியவர். தந்தையிடம் வசதி இல்லாததால் பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. பொடியைச் சிந்தாமல் நிறுக்கும் அந்தக் கை பிறகு விதைகளிடம் வந்தது என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் எடுத்துக்கொண்டது பிரின்சஸ் என்ற ரகம். பீன்ஸ் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். ஒரு விதையிலிருந்து தொடங்கினால் அதன் வழியில் வருவதெல்லாம் ஏறக்குறைய அதே விதைதான். இப்படி 19 தனி வழிகளைப் பிரித்து வளர்த்தார். ஒரு வழியின் விதை சராசரியாக 0.64 கிராம், இன்னொன்றின் விதை 0.35 கிராம். வழிக்கு வழி வேறுபாடு நிலைத்து நின்றது. ஆனால் ஒரே வழிக்குள் பெரிய விதையாகப் பார்த்து விதைத்தாலும், சிறியதாகப் பொறுக்கி விதைத்தாலும், மறு அறுவடையின் சராசரி அசையவில்லை. 1903இல் இதை வெளியிட்டார். 1909இல் எழுதிய நூலில் மரபணு என்ற கருத்துக்குப் பெயர் சூட்டினார்; கண்ணுக்குத் தெரியும் உருவத்தையும் உள்ளே இருக்கும் மரபையும் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்.

காய்க்குள் கிடைத்த இடம், வேருக்குக் கிடைத்த ஈரம், பக்கத்துச் செடியின் நிழல். ஒரு விதை தன் உடன்பிறந்ததைவிடப் பருத்திருப்பது இவற்றால். அந்தப் பருமன் அதன் பிள்ளைக்குப் போகாது. மனிதர்களை எடை போடும் இடங்களில் நிற்க நேரும்போதெல்லாம் இந்த 19 வழிகள் நினைவுக்கு வருகின்றன.

*

பட்டாணிச் செடியில் மரபின் கணக்கைக் கண்ட மெண்டல் அதோடு நிற்கவில்லை. பீன்ஸிலும் கலப்புச் செய்தார். குட்டைச் செடியையும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு இனத்தையும் சேர்த்தபோது, உருவம் பட்டாணி சொன்ன கணக்குப்படியே வந்தது. பூவின் நிறம் மட்டும் வரவில்லை. செம்மை கலந்த ஊதாவிலிருந்து வெளிறிய ஊதா வரை படிப்படியாக நிறங்கள். வெள்ளை மிக அரிது. அவர் அதை மறைக்கவில்லை. 1866இல் வெளியான அதே கட்டுரையில் எழுதிவைத்து, ஒரு நிறத்துக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகள் சேர்ந்திருக்கலாம் என்றார். பட்டாணி அவருக்குப் புகழ் தந்தது. பீன்ஸ் பக்கத்தில்தான் அவருடைய நேர்மை தெரிகிறது.

*

1923இல் கார்ல் சாக்ஸ் வண்ண விதையையும் வெள்ளை விதையையும் கலந்து, பேரப்பிள்ளைத் தலைமுறையை நிறுத்துப் பார்த்தார். இரு பெற்றோரிடமிருந்தும் வண்ணக் காரணியைப் பெற்றவை சராசரி 0.31 கிராம், வெள்ளை 0.26 கிராம். இரண்டும் கலந்தவை நடுவில். தோலின் நிறத்தைத் தீர்மானிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எடையைத் தொடும் ஏதோ ஒன்று குடியிருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். பார்க்க முடிவதைப் பிடித்துக்கொண்டு பார்க்க முடியாததைத் தேடும் வழி அது. இன்றைய பயிர் ஆய்வகங்கள் மரபுக் குறிகளை வைத்துச் செய்வதும் அதே தேடல்தான்.

*

பீன்ஸ் செடியை மனிதர் இரண்டு இடங்களில் தனித்தனியே பழக்கினார்கள்: மெக்சிகோப் பகுதியில் ஒருமுறை, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் ஒருமுறை. விதைப் புரதமும் மரபணுத் தொகுதியும் இதையே சொல்கின்றன. மலைக் கூட்டத்தின் விதைகள் பெரும்பாலும் பெரியவை. இரண்டையும் கலக்கும்போது சில ஜோடிகளில் பிள்ளைச்செடி குட்டையாகிச் சோர்ந்துபோகும். ஒரே இனம்தான், பிரிந்திருந்த காலம் அவ்வளவு நீண்டது.

நாம் பொரியல் செய்யும் பீன்ஸும் வடக்கத்தியார் வீட்டு ராஜ்மாவும் இதே இனம். பிஞ்சாகப் பறித்தால் காய், முற்றவிட்டால் பயறு.

*

இரவு வெப்பம். பகலை எப்படியோ தாங்கிவிடும் செடி, இரவு 18, 19 டிகிரிக்கு மேல் போனால் தடுமாறும். மகரந்தம் வீரியம் இழக்கும். பூ இருக்கும், காய் பிடிக்காது. நம் ஊரில் பீன்ஸ் என்றாலே ஊட்டியும் கொடைக்கானலும் நினைவுக்கு வருவது குளிர்ந்த இரவுகளால்தான்.

கொலம்பியாவின் பால்மிராவில் 1967 முதல் வெப்பமண்டல வேளாண்மைக்கான பன்னாட்டு மையம் இயங்கிவருகிறது. அங்கே ஸ்டீவ் பீபியும் குழுவும் இதற்கு வழி தேடிச் சென்றது டெப்பாரி என்ற பாலைவன உறவினிடம். அமெரிக்காவையும் மெக்சிகோவையும் தொட்டுக் கிடக்கும் சொனோரா பாலையில் டொஹோனோ ஓதம் மக்கள் காலங்காலமாக விதைத்துவரும் சிறு பயறு அது. இரண்டும் எளிதில் சேராது. கருவுற்றாலும் கரு பாதியில் கருகிவிடும். அதை முன்கூட்டியே எடுத்து ஊட்டக் கரைசலில் வைத்து வளர்க்க வேண்டும். பொறுமையாகப் பல தலைமுறை அப்படிச் செய்து, வெப்பம் தாங்கும் ஏறத்தாழ 30 வழிகள் கிடைத்ததாக 2015இல் அறிவித்தார்கள். அந்த 30க்குள் ஒரு பாலைவன மக்களின் தலைமுறைகள் இருக்கின்றன. அறிவிப்புகளில் அவர்கள் பெயரும் முன்னால் வரவேண்டும் என்பது என் ஆசை.

*

வேகும் நேரத்தை அளக்க ஒரு கருவி உண்டு. மேட்சன் என்பவரின் பெயர் கொண்டது. தட்டில் 25 குழிகள். குழிக்கு ஒரு விதை. ஒவ்வொரு விதையின் மேலும் கனமான ஓர் உலோக ஊசி. மொத்தத்தையும் கொதிநீரில் இறக்குவார்கள். விதை மெத்தென்று ஆனதும் ஊசி அதைத் துளைத்து விழும். 20 ஊசிகள் விழுந்தால் வெந்தது என்று கணக்கு. நம் வீடுகளில் கரண்டியில் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்க்கிறோமே, அதையே இருபத்தைந்து விரல்களாக ஆக்கியிருக்கிறார்கள்.

பயிர் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் நெருக்கமான கருவி இதுதான். விளைச்சல் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்பது நிலத்தின் ஓரத்தில் நின்று கேட்கும் கேள்வி. எத்தனை நிமிடத்தில் வேகும் என்பது அடுப்பின் முன் உட்கார்ந்தவள் கேட்பது. விறகுக்காக நடக்கும் தூரம், புகையில் இருக்கும் நேரம், பசித்த பிள்ளைகள் காத்திருக்கும் நேரம் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும். மிச்சிகனில் கேரன் சிச்சி பல நாட்டு விதைகளை இப்படி வேகவைத்துப் பார்த்து, சீக்கிரம் வேகும் குணமும் பரம்பரையாக வருவதே, அதையும் தேர்ந்தெடுக்க முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர்.

பழைய பயறு ஏன் வேகாது? மளிகைக் கடையில் கேட்டால், “புதுச் சரக்குதாங்க, நல்லா வெந்துடும்” என்பார்கள். கேள்வியின் முழு வரலாறும் அந்தப் பதிலில் இருக்கிறது. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் விதைக்குள் பைட்டேட் என்ற சேமிப்புப் பொருள் மெல்லச் சிதைகிறது. நாளைய நாற்றுக்காக விதை பாஸ்பரஸைப் பூட்டிவைத்திருப்பது அந்த வடிவில்தான். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அதுவே இறுக்கிப் பிடித்திருந்தது. பிடி தளர்ந்ததும் அவை நகர்ந்துபோய், செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் பெக்டினில் ஏறிக்கொள்கின்றன. ஒட்டு கெட்டிப்படுகிறது. பிறகு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் செல்கள் பிரிவதில்லை. பெரும்பான்மையான ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது.

இதே பைட்டேட் இரும்பையும் பிடித்துக்கொள்கிறது. குடலில் நாம் பெற வேண்டிய இரும்பை அது விடுவதில்லை. ஆகவே இத்தாலியில் சிலர் பைட்டேட் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்த ஒரு திரிபை உருவாக்கினார்கள். முதல் சோதனையில் இரும்பு நன்றாகவே உடலில் சேர்ந்தது. பிறகு ருவாண்டாவில் இரும்புச்சத்துக் குறைந்த இளம்பெண்களுக்கு அதைத் தொடர்ந்து கொடுத்தபோது வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. பைட்டேட் குறைந்த விதை, பழைய விதையைப் போலவே வேக மறுத்தது. வெப்பத்தில் அழிய வேண்டிய ஒரு லெக்டின் புரதமும் அதில் எஞ்சி நின்றது. பூட்டை எடுத்தால் கதவும் இறுகிப்போகிறது என்று அந்த ஆய்வைப் படித்த அன்று எழுதிவைத்தேன்.

இன்னொரு வழியில் போனவர்கள் பைட்டேட்டைத் தொடவில்லை; இரும்பையே கூட்டினார்கள். கிலோவுக்குச் சுமார் 50 மில்லிகிராம் இருந்ததை 94 வரை கொண்டுபோவது இலக்கு. கோதுமை, நெல்லில் செய்வதைப் போலவே இதுவும் சாதாரணக் கலப்பும் தேர்வும்தான். 2013இல் ருவாண்டாவின் ஹுயே நகரில் 195 மாணவிகள் 128 நாள் பீன்ஸ் உண்டார்கள். இரும்பு மிகுந்த விதையை உண்டவர்களின் இரத்தத்தில் முன்னேற்றம் தெரிந்தது.

*

அந்த லெக்டின் குடும்பத்தில் மிகவும் பேர்பெற்றது சிவப்பு ராஜ்மாவில் நிறைய இருக்கிறது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால் சில மணி நேரத்தில் வாந்தி வரும். மிதமான சூட்டில் மெதுவாக வைத்தால் அது அழியாது. ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இரத்தத்தின் சிவப்பணுக்களை இந்தப் புரதம் கட்டிச் சேர்த்துவிடும். அதனால் வெள்ளணுவைத் தனியே பிரித்தெடுக்க ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்தின. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், பிரித்த வெள்ளணுக்கள் பிளவுபடத் தொடங்கியிருப்பதைக் கண்டார். காரணம் பீன்ஸ் சாறு. அதுவரை ஓய்ந்திருந்த அணுக்களை அது எழுப்பிவிட்டிருந்தது. பிளவுபடும் அணுவில்தான் குரோமோசோமைப் பார்க்க முடியும். சொட்டு இரத்தத்தை வைத்துப் பிறவிக் கோளாறுகளைக் கண்டறியும் சோதனை அப்படிச் சாத்தியமானது. இன்றும் அந்தச் சோதனைக் குழாய்களில் இந்தப் புரதம் சேர்க்கப்படுகிறது. நம்மை நோயாளியாக்கும் அதே பொருள்.

*

ருவாண்டாவுக்கே திரும்ப வேண்டும். அங்கே பீன்ஸ் இல்லாத நாள் இல்லை. பெண்கள் ஒரே ரகத்தை விதைப்பதில்லை. பல நிறம், பல அளவு விதைகளைக் கலந்து விதைப்பார்கள். மேட்டு நிலத்துக்கு ஒரு கலவை, வாழைத்தோப்பு நிழலுக்கு ஒன்று, மழை மிகும் பருவத்துக்கு ஒன்று. அறுவடைக்குப் பின் கூட்டியும் குறைத்தும் கலவையைத் திருத்திக்கொள்வார்கள். ஆராய்ச்சி நிலையங்களுக்கு இந்தக் கலவை நெடுங்காலம் ஒழுங்கின்மையாகத் தெரிந்தது.

வழக்கம் இதுதான்: நூற்றுக்கணக்கான வழிகளை நிலையத்தில் வடிகட்டி, கடைசியில் எஞ்சும் ஒரு சிலவற்றை உழவரிடம் கொடுப்பது. 1988 முதல் லூயிஸ் ஸ்பெர்லிங்கும் அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் வரிசையை மாற்றினார்கள். ஊராரே விதை அறிந்தவர் என்று காட்டிய பெண்களை ருபோனா நிலையத்துக்கு அழைத்து, வடிகட்டும் முன்பே செடிகளைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் இலை அடர்த்தியைப் பார்த்தார்கள். மழையில் காய் மண்ணைத் தொடுமா, இலையைக் கீரையாகப் பறிக்கலாமா, வாழையடியில் நிற்குமா என்று பேசிக்கொண்டார்கள். பிறகு தங்களுக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டு போய் விதைத்தார்கள்.

1993இல் முடிவுகள் வெளிவந்தன. பெண்கள் தேர்ந்தவை அவர்களின் பழைய கலவையைப் பெரும்பாலான முறை வென்றன. சராசரி விளைச்சல் 38 சதவீதம் வரை கூடியது. விஞ்ஞானிகள் தேர்ந்தவை அந்த அளவுக்கு வரவில்லை. விஞ்ஞானிகள் திறமை குறைந்தவர்கள் அல்ல. நிலையத்தின் சமமான, உரமிட்ட, வெயில் விழும் பாத்தியில் நின்று அவர்கள் கேட்டார்கள். பெண்களின் கேள்வி நிழலிலிருந்தும் சரிவிலிருந்தும் வந்தது. கேட்டவருக்கு ஏற்ற பதிலை விதை கொடுத்தது.

*

மறு ஆண்டே, 1994இல், அந்த நாட்டில் நடந்த இனப்படுகொலையை உலகம் அறியும். அறுவடைக் காலத்தில் வயல்கள் கைவிடப்பட்டன. ஆராய்ச்சி நிலையங்கள் சூறையாடப்பட்டன. விதை முற்றாக அழிந்திருக்கும் என்று அஞ்சி, பால்மிராவில் காத்துவைத்திருந்த ருவாண்டா ரகங்களை எடுத்து அண்டை நாடுகளில் பெருக்கினார்கள். ‘நம்பிக்கை விதைகள்’ என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். மிகச் சரியான செயல். அப்போது வேறெதுவும் தெரியாது. பிறகு வீடு வீடாகச் சென்று பார்த்தபோது பெரும்பாலான ரகங்கள் உள்ளூரிலேயே இருந்தன. தப்பியோடியவர்கள் திரும்பியதும், உறவினரிடமும் சந்தையிலும் வாங்கி மறுபடி கலவை கட்டியிருந்தார்கள்.

பால்மிராவின் கிடங்கில் இன்று 37,000க்கும் மேற்பட்ட பீன்ஸ் மாதிரிகள் உறைகுளிரில் இருக்கின்றன. உலகிலேயே பெரிய தொகுப்பு. ஒவ்வொன்றுக்கும் எண், சேகரித்த இடம், நிறம், எடை பதிவாகியுள்ளன. அந்தப் பதிவில் இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும்: எத்தனை நிமிடத்தில் வேகும், அதைக் கையில் கொடுத்தவர் எந்த நிலத்துக்கென்று வைத்திருந்தார். முதலாவதைக் கருவி நிரப்பும். இரண்டாவதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.