யாருக்காகக் கை கழுவுவது?

கொரோனா காலத்தில் பிள்ளைகளுக்குக் கை கழுவும் முறையைப் படம் போட்டே விளக்கினோம்: உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், குறைந்தது 20 விநாடி. ஏன் கழுவ வேண்டும் என்று கேட்ட பிள்ளைக்கு மட்டும் பல வீடுகளில் ஒரே பதில்தான் கிடைத்தது: இல்லாவிட்டால் உனக்குக் கொரோனா வந்துவிடும். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த நோய் லேசாகவே வந்துபோனது. அது அதிகமாகப் பலிகொண்டது முதியவர்களையும் ஏற்கெனவே நோயுற்றிருந்தவர்களையும். ஆக, ஏழு வயதுப் பிள்ளை நுரை பொங்கக் கழுவியதன் பலன் பெரிதும் தாத்தா பாட்டிக்கே போய்ச் சேர்ந்தது. சுத்தம் என்பது தற்காப்பா, பிறருக்குச் செய்யும் கடமையா என்று கேட்டால், கடமை என்றே சொல்வேன். பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்லித்தர வேண்டும்.

1847இல் வியன்னா மருத்துவமனையில் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டதும் இதைத்தான். பிணப் பரிசோதனை முடித்து நேரே பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களை, குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். ஏப்ரலில் சுமார் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு சில மாதங்களில் ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு இறங்கியது. கை ஒருவருடையது, போன உயிர் வேறொருவருடையது. ஆனாலும் மருத்துவர்கள் பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை; தங்களைக் குற்றம் சாட்டுவதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சின்னப் பிள்ளைக்குக் கடமையெல்லாம் புரியுமா, பயமுறுத்தினால்தானே கேட்கும் என்பார்கள். பயம் சீக்கிரம் வேலை செய்யும், உண்மை. ஆனால் அது கிருமியோடு நிற்காமல் மனிதர்மேல் தாவும். நம் சமூகத்துக்கு இது புதிதல்ல. அடுத்தவரை விலக்கித் தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்வதற்குத் தீட்டு என்று பெயரிட்டு, சாத்திரமும் காட்டிய ஊர் இது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. அந்தக் கூட்டத்திலும் கை கழுவத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். பிறரைக் கண்டு அஞ்சுவதற்காகக் கற்ற சுத்தம் கடைசியில் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். தவிர, பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு, பாட்டிக்காகக் கை கழுவுவதும் புரியும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கடமை என்று சொல்லிவிட்டால், பாட்டி இறந்தபின் ‘என்னால்தானோ’ என்று அந்தப் பிள்ளை காலமெல்லாம் குமையாதா? குமையக்கூடும். ‘உன்னால்தான் பாட்டிக்கு வந்தது’ என்று ஒரு குழந்தையிடம் சொல்வது கொடுமை, அதற்குச் சமாதானமே கிடையாது. ஆனால் கடமை செயலோடு முடிகிறது. விளைவு பலர் கைப்பட்டு வருவது. கழுவுவது பிள்ளையின் பங்கு, அவ்வளவுதான். அந்தப் பங்கையும் செய்ய முடிந்தால்தான் கடமை என்று சொல்லலாம். 2019இல் உலகப் பள்ளிகளில் 43 சதவீதத்தில் தண்ணீரும் சோப்பும் சேர்ந்த கைகழுவும் வசதி இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்குச் சொன்னன. குழாயில் தண்ணீர் வராத பள்ளியில் பிள்ளைக்குச் சுத்தம் பற்றி உபதேசம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. அங்கே கடமை தவறியவர்கள் பெரியவர்களான நாம்தான்.