தீர்ப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்

கிருமாம்பாக்கத்திலும் சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் ஆலை வைத்திருக்கும் முதலாளிமாரே, இது உங்களுக்கு. உங்கள் மேனேஜருக்கோ, மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கோ அல்ல. கையெழுத்துப் போடும் கை உங்களுடையது.

மணப்பட்டு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைக்கு வருகிறீர்கள். சவுக்கு நிழலில் காரை நிறுத்துகிறீர்கள். அந்த மணலுக்குக் கீழே நடப்பதையும் கொஞ்சம் கேளுங்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் பூமிக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கின்றன. மழையும் ஏரியும் ஊட்டுவதைவிட அதிகமாக நாம் உறிஞ்சினால் கடல் உள்ளே வரும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து பாகூர் ஏரி நிரம்புவதால்தான் இந்தப் பக்கம் நெல் விளைகிறது, கிணறு ஊறுகிறது. ஆனால் ஒருமுறை உப்பு ஏறிய நிலத்தடி நீரை ஓரிரு நல்ல மழை கழுவிவிடாது. இதை அறிந்துதான் 2002-இலேயே நிலத்தடி நீருக்கென்று புதுச்சேரி தனிச் சட்டம் போட்டது. சட்டம் இருக்கிறது, போர் மோட்டாரின் சுவிட்ச் உங்களிடம் இருக்கிறது.

திருப்பூரில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. தண்ணீர் விடு என்று கேட்க வேண்டிய விவசாயிகளே, 'திறக்காதீர்கள், எங்கள் நிலம் செத்துவிடும்' என்று மன்றாடினார்கள். வழக்குப் போட்டார்கள். பட்டறைகள் அவகாசம் கேட்டன, மறுபடியும் கேட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டும்வரை எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. ஆர்டர்கள் வெளியூர் போயின. எந்தத் தப்பும் செய்யாத கூலித் தொழிலாளிகள் மூட்டை கட்டினார்கள். பிறகு நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. முடியவே முடியாது என்று சொன்ன அதே ஊர், சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் கலன்களும் வைத்து, சாயத் தண்ணீரில் பெரும்பகுதியை மீட்டு மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்துகிறது. உப்பைக்கூட மீட்கிறார்கள். செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் முடிந்தது அல்லவா? நதி சாவதற்கு முன்பே அதைச் செய்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

செய்த ஒருவர் உண்டு. ரே ஆண்டர்சன், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இன்டர்ஃபேஸ் என்ற கம்பளக் கம்பெனியைத் தொடங்கியவர். பெட்ரோலியத்திலிருந்து நைலான், நைலானிலிருந்து தரைக் கம்பளம்; அழுக்குப் பிடித்த தொழில். 1994-இல், அறுபது வயதில், சுற்றுச்சூழல் பற்றித் தம் ஊழியர்கள் முன் பேச வேண்டி வந்தது. சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்பதைத் தாண்டிச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. அது அவருக்கு உறைத்தது. எந்த நீதிமன்றமும் கேட்காதபோதே, 2020-க்குள் இயற்கைக்குக் கேடு பூஜ்யம் என்று இலக்கு வைத்தார். வீணாவதைத் தடுத்ததில் கிடைத்த மிச்சமே மற்ற செலவுக்கெல்லாம் போதுமாக இருந்தது என்று பிற்பாடு கணக்கும் சொன்னார். நம்மூர் முதலாளிக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

அவருடைய ஷாங்காய் ஆலையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஃபிட்டருக்கு இது உடனே புரியும். ஒரு குழாய்த் தொடருக்குப் பம்புகள் எல்லாம் சேர்த்து 95 குதிரைத்திறன் வேண்டும் என்று வரைபடம் போட்டிருந்தார்கள். யான் ஸ்கில்ஹாம் என்ற பொறியாளர் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினார். முதலில் குழாய் போகும் வழியை நேராக வரைந்துவிட்டு, அப்புறம்தான் தொட்டிகளுக்கு இடம் ஒதுக்கினார். வளைவுகள் குறைந்தன, உராய்வு குறைந்தது. 7 குதிரைத்திறன் போதுமாகிவிட்டது. இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. எத்தனை பேர் நம் ஆலைகளில், சுவரோரம் இடம் இருக்கிறது என்பதற்காக ஆறு எல்போ போட்டுக் குழாயை வளைத்துவிட்டு, மாதம் பிறந்தால் கரண்ட் பில்லைப் பார்த்து அரசைத் திட்டுகிறோம்!

ஆண்டர்சன் 2011-இல் காலமானார். மறு ஆண்டே அவருடைய கம்பெனி பிலிப்பைன்ஸ் மீனவர்களிடம் கிழிந்த நைலான் வலைகளை விலைக்கு வாங்கி, அதிலிருந்து கம்பள நூல் எடுக்கும் திட்டத்தில் இறங்கியது. மணப்பட்டுக்குப் பக்கத்துக் குப்பங்களிலும் கிழிந்த வலை உண்டு. ஒரு முதலாளியாவது அதைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

'நாங்கள் சின்ன யூனிட், பெரிய கம்பெனி செய்வதை எங்களால் செய்ய முடியுமா?' என்பீர்கள். சின்ன யூனிட்டால்தான் நாளைக்கே செய்ய முடியும். போர்டு மீட்டிங் இல்லை, வெளிநாட்டு அனுமதி இல்லை. பணம் போட்டுக் கட்டிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் ஓட்டுவதை நிறுத்துங்கள். மழை கொட்டும் ராத்திரியில் வாய்க்கால் பக்கம் வால்வைத் திருப்பச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டு, வேலைக்காரன் செய்தான் என்றும் சொல்லாதீர்கள். கழிவை ஆழ்துளைக் கிணற்றில் இறக்குவது களவு அல்ல, கொலை. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் குழந்தையை உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு லாபம் பார்த்துச் செய்யலாம் என்று தள்ளாதீர்கள். கடல் உங்கள் நிதியாண்டு பார்த்து வருவதில்லை.

நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு நீங்களே போங்கள். போரிலிருந்து எத்தனை லிட்டர் ஏறுகிறது, ஆலையிலிருந்து எத்தனை லிட்டர் இறங்குகிறது என்று மீட்டரைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். மீட்டர் இல்லையென்றால் முதல் செலவு அதுதான். அந்த இரண்டு எண்களையும் வாசல் கேட்டில், ஊர்க்காரர்கள் கண்ணில் படும்படி எழுதிப் போடுங்கள்.